தம்பியின் இடப்பக்கம்

காரின் இடதுபக்கக் கண்ணாடியைக் கறுப்பு நாடாவால் சுற்றி ஒட்டியிருந்தார்கள். கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலைய வாசலில், நவம்பர் மழையில், நான் முதலில் பார்த்தது அதைத்தான். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் முன்னால் உட்காருவதற்காக இடதுபக்கக் கதவைத் திறக்கப் போயிருந்தேன். அந்த நாட்டில் அது சாரதியின் கதவு.

“என்ன அண்ணை, நீங்களே ஓடப் போறியள்?” என்று குணம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

குணம் என் தம்பி. வயது ஐம்பத்துநாலு. ஜெர்மனிக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நான் ஊரில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடத்தில் ஓய்வு தந்துவிட்டார்கள், ரியூசனில் இன்னும் தரவில்லை.

கண்ணாடிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். “இஞ்சத்தை ரோட்டு ஒடுக்கம் அண்ணை. எல்லாருக்கும் உடையிறதுதான்” என்றான். ரோட்டைப் பார்த்தேன். எங்கள் கஸ்தூரியார் வீதியைவிட இரண்டு மடங்கு அகலம். ஆனாலும் ஜெர்மனியைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். வழியில் இரண்டு முறை யாரோ பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். “பொறுமை இல்லாத சனம்” என்றான். அதையும் நம்பினேன்.

நான் ஜெர்மனிக்கு வந்தது தம்பியைப் பார்க்க அல்ல. ஹனோவரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான சித்திரப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தென்னை மரத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகள் நூறு தென்னை மரம் வரைந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. ஒரே ஒரு சிறுமி மட்டும் ஒரு வீடு வரைந்து, அதன் ஒரு பக்கச் சுவருக்குக் கோடே போடாமல் விட்டிருந்தாள். “அங்கை வெயில் அடிக்குது சேர். கோடு தெரியாது” என்றாள். முதற்பரிசு அவளுக்குத்தான் என்றேன். முடிக்காத படத்துக்குப் பரிசா என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். “நீங்கள் பார்க்கேக்கை அந்தச் சுவர் தெரிஞ்சதா இல்லையா? அப்ப உங்கடை கண் அதை முடிச்சுப்போட்டுது” என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். அந்தப் பதிலை இரண்டு நாளாக நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகு நடந்தவற்றுக்குப் பின் அதை நினைத்தாலே வாய் கசக்கிறது.

வீட்டில் குணத்தின் மனைவி வசந்தா பிட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். வசந்தா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். காலை முழுக்க ஜெர்மன் கிழவர்களுக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வந்து எனக்குப் பிட்டு அவித்திருக்கிறாள். குழம்பில் பழப்புளி சரியாக இருந்தது. ஊரில்கூட இப்போது இப்படி வைப்பதில்லை என்று சொன்னேன், அது உண்மையும்தான்.

குணம் வேகமாகச் சாப்பிட்டான். தட்டில் பாதி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் போடும்” என்றான். தட்டின் மற்றப் பாதியில் பிட்டு குவிந்து கிடந்தது. வசந்தா தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பி வைத்தாள். “ஆ, போட்டிட்டீரே” என்று அவன் மீதியைச் சாப்பிட்டான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பெண்சாதி தட்டுத் திருப்பிக் கொடுக்கிறாளே, கொடுத்து வைத்தவன் என்று நான் நினைத்தேன். என் கண்ணும் அப்படி ஒரு கண்.

மறுநாள் திங்கட்கிழமை. குணத்தின் மகள் துளசி என்னை ஒரு துருக்கிக்காரரின் வெதுப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துளசிக்கு இருபத்தொரு வயது, ஜெர்மனியிலேயே பிறந்தவள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் செய்கிறாள், அதாவது கடையில் வேலையும் பள்ளிக்கூடத்தில் படிப்புமாக மூன்று வருடத் தொழிற்பயிற்சி. பருப்புச் சூப்பும் சூடான பாணும் வந்தன. ஒரு கரண்டி குடித்திருப்பேன்.

“பெரியப்பா, நேற்று அப்பாவோடை கார்லையா வந்தனீங்கள்?” என்றாள்.

“ஓம். ஏன்?”

“அவர் கார் ஓடக்கூடாது. ஓகஸ்டிலை அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது.”

தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னது ‘சின்னப் பிரஷர், இப்ப சுகம்’ என்று மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து நோயை ஊருக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். ஊரிலிருந்து நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். என் இருதயத்துக்குள் வைத்த கம்பிச் சுருளைப் பற்றிக் குணத்துக்கு இன்றுவரை தெரியாது.

தலையின் பின்பக்கத்தில் வலப்புறம் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இடப்பக்கப் பார்வையை வாங்கும் இடம் அதுதான். இரண்டு கண்ணும் நல்ல கண், ஆனால் இரண்டிலும் இடப்பக்கப் பாதி இல்லை. துளசி இதைப் பாணைப் பிய்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“பாதி இருட்டா இருந்தால் அவனுக்குத் தெரியாதோ?” என்று கேட்டேன்.

“இருட்டா இல்லை, பெரியப்பா. அதுதான் பிரச்சினை.”

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தொழிற்பயிற்சிப் பாடத்தாள். மூன்று கறுப்பு வட்டங்கள், மூன்று அப்பளம் மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரு கடி. மூன்று கடியும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் பளிச்சென்று நின்றது, தாளைவிட வெள்ளையாக. ஒரு வட்டத்தை விரலால் மறைத்தாள். முக்கோணம் போய்விட்டது. விரலை எடுத்தாள், வந்துவிட்டது. அதன் விளிம்பைப் பென்சிலால் தொடப் பார்த்தேன். அங்கே ஒரு கோடும் இல்லை.

“தலைக்குப் பின்னாலை விளிம்பு தேடுறதுக்கெண்டே கலங்கள் இருக்கு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு சாய்விலை கோடு தேடும். இரண்டு துண்டு ஒரே நேருக்கு வந்தால், இடையிலை ஒண்டும் இல்லாட்டியும் கோடு இருக்கெண்டு எழுதிப்போடும். எங்களுக்கு எழுதின பிறகுதான் காட்டும். எழுத முந்தி இருந்ததை ஒருநாளும் காட்டாது.”

பிறகு இன்னொரு வித்தை காட்டினாள். தாளில் ஒரு கோடு கீறி, நடுவில் சின்ன இடைவெளி விட்டாள். ஒரு கண்ணை மூடி, பக்கத்தில் போட்ட புள்ளியையே பார்க்கச் சொல்லி, தாளை மெதுவாக என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். ஒரு தூரத்தில் இடைவெளி மறைந்து கோடு முழுசாகிவிட்டது. எல்லார் கண்ணிலும் நரம்பு வெளியே போகும் இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறதாம், அதைப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டு மூளை ஒட்டுப் போட்டுவிடுமாம். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பார்த்து வரையச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் கண்ணில் ஓட்டை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சூப் ஆறிப்போயிருந்தது.

“அப்பாவுக்கு அந்த ஓட்டை பாதி உலகம். அதையும் ஒட்டிப் போடுது. பாதி முகம் தெரிஞ்சால் முழு முகம் எண்டு நினைப்பார். பாதி ரோட்டு வெறுமையா இருந்தால் மற்றப் பாதியும் வெறுமை.”

வியாழக்கிழமை டெர்மின். கண் வைத்தியரிடம் முன்பதிவு. அங்கே சோதித்துத்தான் அவன் திரும்ப வாகனம் ஓட்டலாமா என்று சொல்வார்கள்.

குணத்தின் வேலை இதுதான்: ஒரு சிற்றூர்தியில் முதியவர்களைக் காலையில் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு ஏற்றிப் போய், பின்னேரம் வீட்டில் இறக்குவது. பத்தொன்பது வருடம். அதற்கும் முன்பே அந்த ஊர்த் தமிழருக்குள் முதலில் சாரதிப் பத்திரம் எடுத்தவன் அவன். கலியாணப் பதிவு, கோயில், விமான நிலையம், பிரசவம் எல்லாவற்றுக்கும் அவன் கார்தான். இப்போது அங்கே அவுஸ்பில்டுங் செய்யும் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறக்க அவசரப்பட்டபோது அவன்தான் சிவப்பு விளக்கில் நிற்காமல் ஓடியிருக்கிறான். ஓடாதே என்றால் அவனிடம் மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் வசந்தா என்னிடம் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய சோதனைத் தாள்களின் பிரதிகள். பூவொன்றைப் பார்த்து வரை. கோட்டின் நடுவைக் குறி. தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களை வெட்டு. குணம் பூவின் வலப்பக்க இதழ்களை மட்டும் வரைந்து, கீழே கையெழுத்தும் வைத்திருந்தான்.

“அண்ணை, நீங்கள் எத்தினை பேரைப் பாஸ் பண்ண வச்சனீங்கள். இவருக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோவன்” என்றாள். “வேலை போனால் மனுசன் செத்துப்போவார். எனக்குத் தெரியும்.”

இந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கோப்பைத் திறந்த மாத்திரத்தில் என் கை அரித்தது. யாழ்ப்பாணத்தான் கையில் பழைய வினாத்தாளைக் கொடுத்தால் அவன் அதை நோய் என்றா பார்ப்பான்? சோதனை என்றுதான் பார்ப்பான். மூன்று நாள் இருக்கிறது, மூன்று பாடம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை குசினி மேசையில் வகுப்புத் தொடங்கியது. அதே போன்ற தாள்களை நானே வரைந்தேன். குணம் நல்ல மாணவன். “தாளின்ரை இடது விளிம்பு தெரியுமட்டும் கழுத்தைத் திருப்பு. முழுக்கத் திருப்பு. விளிம்பைக் கண்ட பிறகுதான் பென்சிலைத் தூக்கு” என்றேன். முதல் தாளில் எட்டு நட்சத்திரம் விட்டான். மாலையில் ஒன்றுகூட விடவில்லை. அவன் முகத்தில் பத்து வயது குறைந்தது, எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மற்றச் சோதனைதான் கஷ்டம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்ப விடமாட்டார்கள். அங்குமிங்கும் சின்ன வெளிச்சம் வரும், கண்டால் பொத்தானை அமத்த வேண்டும். வெளிச்சம் எப்படி எப்படி வரும் என்று குணத்திடமே விசாரித்தேன். கிட்டத்தட்ட ஒரே தாளத்தில் வரும் என்றான்.

“அப்ப தாளத்தைப் பிடி. கண்டாலும் அமத்து, காணாட்டியும் அமத்து. இடைக்கிடை ஒண்டு விடு” என்றேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த துளசி, “பெரியப்பா, இது ஏமாத்து” என்றாள்.

“பயிற்சி எடுக்கிறது ஏமாத்தா?”

“அவர் ஆரை ஏமாத்திறார் எண்டு நினைக்கிறியள்?”

நான் அடுத்த தாளை எடுத்தேன். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

புதன்கிழமை குணம் என்னைக் கொலோன் நகரத் தேவாலயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். துளசி கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு எடுத்து ஒளித்திருந்ததால் ரயிலில் போனோம். குணத்துக்கு இடப்பக்க இருக்கையில் ஒரு கிழவி, அவள் மடியில் ஒரு நாய். குணம் இடது முழங்கையால் அந்த நாயை மூன்று தரம் இடித்துவிட்டான். “ஐயா, இவனுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன்” என்றாள் கிழவி. குணம் அதைத் தமிழாக்கிச் சொல்லிச் சிரித்தான். நாய் எங்கே இருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை.

தேவாலயம் கறுப்பாக, ஈரமாக, அண்ணாந்து பார்க்கப் பார்க்க முடிவில்லாமல் நின்றது. மழைத்தூறலில் கோபுரத்தின் உச்சி தெரியவில்லை. ஆனால் அதன் கூர் எங்கே முடிகிறது என்று என்னால் கைநீட்டிக் காட்ட முடிந்தது. அந்தப் பழக்கத்தை நினைத்து அன்று முதல் தடவையாகப் பயந்தேன். நாள் முழுக்க குணம் என்னைத் தன் வலப்பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். “இந்தப் பக்கம் வாங்கோ அண்ணை” என்று நாலைந்து முறை இழுத்தான். ஏனென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

திரும்பும்போது கடைசி நேரத்தில் மேடையை மாற்றி அறிவித்தார்கள். சனம் படிகளில் ஓடியது. நாங்களும் ஓடினோம். மேலே ஏறி நின்றபோது நான் அவனுடைய இடப்பக்கத்தில் இருந்தேன், கை நீட்டினால் தொடும் தூரம்.

குணம் வலப்பக்கம் பார்த்தான். பின்னால் பார்த்தான். “அண்ணை” என்றான். பிறகு சத்தமாக, “அண்ணை! அண்ணை!” என்றான். சனம் திரும்பிப் பார்த்தது. என் பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பினான், பாதிதான் திருப்பினான், அவன் கண் எனக்கு முன்னால் இருந்த வெறும் தண்டவாளத்தில் நின்றது. சந்தையில் தாயைத் தவறவிட்ட பிள்ளையின் முகம் அது. நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது வரை எண்ணியிருப்பேன்.

அவன் கையைத் தொட்டேன். திடுக்கிட்டுத் துள்ளினான். “எங்கை போனனீங்கள்?”

“இஞ்சைதான் நிண்டனான்.”

“பொய். நான் பாத்தனான். இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

ரயிலில் அவன் வழக்கம்போலக் கதைத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. போய் இறங்கியதும் செவ்வாய்க்கிழமை சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மறந்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டுக்குப் போனால் வசந்தா நாளைக்கென்று அவனுடைய சேர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவன் திருநீறு பூசி, சோதனைக்குப் போகும் பிள்ளைபோல் என் காலடியில் குனிந்தான். என் வாய் திறக்கவில்லை. ஆசீர்வாதம் வேறு செய்தேன்.

வியாழக்கிழமை துளசியோடு கண் வைத்தியரிடம் போனோம். வைத்தியர் ஒரு பெண்மணி, குட்டை மயிர், குளிர்ந்த கை. தாள் சோதனையில் குணம் பிசகவில்லை. பூவுக்கு எல்லா இதழும் போட்டான். வைத்தியர் புருவத்தை உயர்த்திப் பாராட்டினார். பிறகு கிண்ணம். இருட்டறைக் கதவுக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பொத்தான் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். அது என் தாளம்.

வைத்தியர் அச்சடித்த தாளோடு வந்தார். துளசி ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினாள். “இயந்திரம் இடைக்கிடை வெளிச்சம் காட்டாமல் சும்மா விடும். அப்பவும் இவர் அமத்தியிருக்கிறார். ஆனபடியால் இந்தத் தாளை நம்ப ஏலாது எண்டு சொல்லுறா. நல்லது எண்டும் இல்லை, கூடாது எண்டும் இல்லை. ஆறு கிழமையாலை புது டெர்மின். அதுவரைக்கும் ஓடக்கூடாது.”

பிறகு வைத்தியர் அன்பாக ஏதோ சேர்த்துச் சொன்னார். துளசி என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னாள்: “இல்லாத வெளிச்சத்தைக் கண்டதுக்கு அவர் குற்றவாளி இல்லையாம். சில நேரம் மூளை அப்பிடிச் செய்யுமாம்.”

அன்று வீட்டில் பாயாசம். ‘கூடாது எண்டு சொல்லேல்லை’ என்பதுதான் வசந்தாவின் காதில் விழுந்தது. ‘தாள் சோதினை முழுக்கச் சரி’ என்பதுதான் குணத்தின் காதில் விழுந்தது. நடுவில் இருந்த ‘ஓடக்கூடாது’ எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. அவன் நேர்மையாகக் கிண்ணத்துக்குள் இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு பாதி கறுப்பான படம் வந்திருக்கும். அதைக் கையில் கொடுத்து, இதுதான் உன் உலகம் என்று காட்டியிருப்பார்கள். அதை நான்தான் கெடுத்தேன். பாயாசத்தில் இரண்டு கோப்பை குடித்தேன்.

சனிக்கிழமை நான் புறப்பட வேண்டும். வசந்தா காலை வேலைக்குப் போயிருந்தாள். மழை விட்டு, சாம்பல் நிற வெளிச்சம். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், குணம் காரை இயக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். இரண்டாவது திறப்பு அவனிடம் இருந்திருக்கிறது.

“ஸ்டேஷனுக்கு ஆறு நிமிசம் அண்ணை. முப்பது வருசமா ஓடுற ரோட்டு. என்ரை அண்ணையை நான் டிராமிலை அனுப்பவோ?”

துளசி ஏறவில்லை. “நான் டிராமிலை வாறன். நீங்களும் வாங்கோ பெரியப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் அவளோடு போயிருக்க வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் விசிலடித்துக்கொண்டு திரிந்தான். ஆறு நிமிடம்தானே, இடப்பக்கத்துக்கு நான் கண்ணாக இருப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன். இந்தமுறை சரியான கதவால்தான் ஏறினேன்.

நாலு நிமிடம் நன்றாகப் போனது. “இடப்பக்கம் சைக்கிள்” என்றேன், “தெரியுது” என்றான். “இடப்பக்கம் வான்” என்றேன், “தெரியுது அண்ணை” என்றான். பிறகு ஒரு சந்தி. வலப்பக்கம் திரும்ப வேண்டும், திரும்பியவுடன் பாதசாரிக் கடவை.

எங்கள் ஊரில் ஓரத்தை அணைத்துத் திரும்புவது இடப்பக்கம். அப்படித் திரும்பும்போது ஆபத்து வலப்பக்கத்தால் வரும். நாற்பது வருடம் மோட்டார் சைக்கிளில் அப்படியே திரும்பிப் பழகிய கழுத்து இது. கார் திரும்பத் தொடங்கியதும் அந்தக் கழுத்து தானாக வலப்பக்கம் போனது. வலப்பக்கம் யாரும் இல்லை. “ஒருத்தரும் இல்லை, போ” என்றேன்.

நாலு கண்ணும் வலப்பக்கம். கிழவி இடப்பக்கத்தால் வந்தாள்.

பெரிய வேகமில்லை. மடாரென்ற சத்தம்கூட இல்லை, தட்டுமுட்டுச் சாமான் சரிவது போன்ற ஒரு சத்தம்தான். அவள் தள்ளிக்கொண்டு வந்த நாலு சில்லு நடைவண்டி சரிந்து உருண்டது. கடதாசிப் பையிலிருந்த பனிஸ் அளவுப் பாண்கள் வெள்ளைக் கோடுகளுக்கு மேலே சிதறின. அவள் ஒருபக்கமாக விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது பெரிய அழுகை இல்லை. யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதவள் அழும் அழுகை. இன்றும் அதுதான் காதில் இருக்கிறது.

குணம் இறங்கி நின்று, “ஆர் அழுகிறது? அண்ணை, ஆர் அழுகிறது?” என்று வலப்பக்கமெல்லாம் தேடினான்.

பின்னால் வந்த டிராமிலிருந்து எங்களைக் கண்டு இறங்கிய துளசி ஓடி வந்தாள். தன் மேலாடையைக் கழற்றிக் கிழவிக்குப் போர்த்தினாள். அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. இடுப்பு எலும்பு முறிந்திருக்கும் என்றார்கள். பொலிஸார் இரண்டு பேர், ஒரு இளம் பெண்ணும் ஒரு நடுத்தர வயதுக்காரரும். கிழவியின் பெயரை அவர்கள் எழுதும்போது கேட்டேன். இங்கே எழுதப் போவதில்லை.

என்ன நடந்தது என்று பெண் பொலிஸ் கேட்டாள். குணம் ஜெர்மனில் சொல்லி, எனக்காகத் தமிழிலும் சொன்னான்: “ரோட்டு வெறுமையாத்தான் கிடந்தது. நான் வடிவாப் பாத்தனான். ஒருத்தரும் இல்லை. அண்ணை பக்கத்திலை இருந்தவர், அவரைக் கேளுங்கோ.”

அவன் பொய் சொல்லவில்லை. என் தம்பி அந்தத் தெருவை முழுசாகப் பார்த்தான், ஒரு விளிம்பும் குறையாமல் பார்த்தான், அதில் கிழவி இல்லை.

மற்றப் பொலிஸ்காரர் குணத்தின் இடப்பக்கம் வந்து, சாரதிப் பத்திரத்துக்காகக் கையை நீட்டினார். குணம் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கை அப்படியே நீண்டிருந்தது. இரண்டு பொலிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பொலிஸ் என்னிடம் மெதுவாக ஏதோ கேட்டாள்.

துளசி என் பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, உங்களைத்தான் கேக்கினம். அப்பாவுக்குப் பார்வையிலை குறை இருக்கெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா எண்டு. கூடப் பிறந்தவர் எண்டால் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லையாம். அது இஞ்சத்தைச் சட்டமாம். பேசாமல் இருக்கலாமாம்.”

பேசாமல் இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், நானும் ஒரு கிழமையாக அதைத்தான் செய்தேன். நான் வாய் திறக்காவிட்டால் அந்த இடைவெளியை அவர்கள் ஏதாவது நல்லதாக நிரப்பிக்கொள்வார்கள். மழை, வழுக்கல், விபத்து. வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்த பாண்களை ஒரு காகம் வந்து கொத்தத் தொடங்கியிருந்தது.

“ஓம்” என்றேன். “தெரியும். டொக்டர் ஓடக்கூடாது எண்டு சொன்னதும் தெரியும். சோதினையிலை பொத்தானை எப்பிடி அமத்த வேணும் எண்டு சொல்லிக் குடுத்ததும் நான்தான்.”

துளசி ஒரு சொல்லும் விடாமல் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னாள்.

நான் குணத்தின் இடப்பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் முதலில் பழக்கப்படி வலப்பக்கம் என்னைத் தேடினான். பிறகு, நான் குசினி மேசையில் சொல்லிக் கொடுத்தபடியே, விளிம்பு தெரியுமட்டும் கழுத்தை முழுக்க இடப்பக்கம் திருப்பி, என்னைக் கண்டுபிடித்துப் பார்த்தான்.